எபிரெயப் பெயர்களும் அவற்றின் பொருளும்

நம் திருச்சபைகளில் அருளுரை ஆற்றுவோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. திருமறைப் பகுதியில் ஓர் ஆட்பெயர் எதிர்ப்பட்டவுடன், எபிரெய மொழியில் அதற்கு இன்ன பொருள் என்று எடுத்துரைத்து, அப்பொருளிலிருந்தே அம்மனிதரின் இயல்பையும் வாழ்வையும் வருவித்துக் காட்டுவர். யாக்கோபு என்றால் எத்தன். எனவே அவன் எத்தனாய் வாழ்ந்தான். நாபால் என்றால் மதியீனன்; எனவே மதியீனனாய் மாண்டான். வேதாகமப் பதிப்புகள் சிலவற்றின் இறுதியில் அச்சிடப்பெறும் பெயர்ப்பொருள் அட்டவணைகள் இதற்குக் கைகொடுக்கின்றன. கேட்போரும் இதனை விரும்புகின்றனர். மூலமொழி அறிவில் ஒரு துளி தங்களுக்கும் கிட்டியதென மகிழ்கின்றனர். பிள்ளைகளுக்குப் பெயர் தேடும் பெற்றோரும் இவ்வட்டவணைகளையே நாடுகின்றனர். இட்ட பெயரின் பொருள் நன்றன்று என எவரேனும் சொல்லிவிட்டால், பிள்ளையின் எதிர்காலத்தைக் குறித்து அஞ்சி ஆயரிடம் வந்து நிற்போரும் உளர்.

இவ்வழக்கத்தில் உண்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. எபிரெயப் பெயர்களுட் பெரும்பாலானவை பொருள் விளங்கும் சொற்களே. திருமறை ஆசிரியர்களும் பல இடங்களில் தாமே பெயர்களை விளக்கிச் செல்கின்றனர். ஆயினும் பெயருக்குள் ஒரு பொருள் பூட்டி வைக்கப்பட்டுள்ளது, அட்டவணை அதைத் திறக்கும் சாவி, திறந்தால் அம்மனிதர் யார் என்பது தெரிந்துவிடும் என்று எண்ணுவது திருமறை காட்டும் வழியன்று. பெயரின் சொற்பிறப்பு ஒன்றைச் சொல்ல, பெயரிட்டவர் மற்றொன்றைச் சொல்ல, கதையாசிரியர் இவ்விரண்டையும் தாண்டி வேறொன்றைச் சொல்வதைப் பல இடங்களில் காண்கிறோம். இக்குரல்களைப் பிரித்துக் கேட்பதே பெயர்களைச் சரியாக வாசிக்கும் முறை என்பது இக்கட்டுரையின் கருத்து.

அறிஞருலகிலும் இது பற்றிய கருத்து ஒரே நிலையில் நின்றதில்லை. டேனிய அறிஞர் யோகன்னஸ் பெடர்சன், பண்டை இஸ்ரவேலரின் எண்ணத்தில் பெயர் என்பது மனிதரின் உள்ளியல்போடு ஒன்றியது என வலியுறுத்தினார். 1928இல் மார்ட்டின் நோத், இஸ்ரவேலரின் ஆட்பெயர்களைப் பிற செமித்திய இனத்தாரின் பெயர்களோடு ஒப்பிட்டு, அவற்றின் இலக்கண அமைப்பை வகுத்துக் காட்டினார். 1961இல் வெளிவந்த தம் நூலில் ஜேம்ஸ் பார், ஒரு சொல்லின் வேரிலிருந்தே அதன் பொருளைப் பிழிந்தெடுக்கும் முறையைக் கடுமையாக மறுத்தார். சொல் பயிலும் வாக்கியமே அதன் பொருளைத் தீர்மானிக்கும் என்பது அவர் வாதம். அவ்வாதம் பெயர்களுக்கும் பொருந்தும். பெயர் பயிலும் வாக்கியம் என்பது அப்பெயர் இடம்பெறும் கதை.

1. வாக்கியமாய் அமைந்த பெயர்கள்

முதலில் மொழி கூறுவதைக் கேட்போம். எபிரெய ஆட்பெயர்களுட் பல ஒவ்வொன்றும் ஒரு சிறு வாக்கியம். இறைவன் எழுவாய்; அவர் செய்தது பயனிலை. யோனத்தான் என்பது 'யாவே தந்தார்' என்னும் வாக்கியம். எல்நாத்தான், நெதனெயேல் என்னும் பெயர்கள் 'இறைவன் தந்தார்' என்கின்றன. நெத்தானியா என்பதும் யாவே தந்தார் என்பதே; மத்தனியா என்பது யாவேயின் கொடை. தாவீதைக் கடிந்துகொண்ட நாத்தானின் பெயரில் 'தந்தார்' என்னும் வினை மட்டும் நிற்கிறது. தந்தவர் யார் என்பது வெளிப்படச் சொல்லப்படவில்லை. இவையனைத்தும் பிள்ளை பெற்ற ஒரு குடும்பத்தின் நன்றியறிக்கைகள்.

தமிழ் வாசகர்க்கு இவ்வமைப்பு எளிதிற் புலப்படுவதில்லை. ஏசாயாவின் பெயர் எபிரெயத்தில் யெஷயாஹு. எரேமியாவின் பெயர் யிர்மெயாஹு. இறுதியில் நிற்கும் யாஹு என்பது இறைப்பெயரின் குறுக்கம். தமிழ் வேதாகமத்தில் அது 'யா' என்னும் ஓரெழுத்தாய்த் தேய்ந்துவிட்டதால், இறைப்பெயரை உச்சரிக்கிறோம் என்னும் உணர்வின்றியே கடந்து செல்கிறோம். எலியாவின் பெயர் எலியாஹு. 'என் இறைவன் யாவே' என்பது அதன் பொருள். கர்மேல் மலையில் மக்கள் முகங்குப்புற விழுந்து எழுப்பிய முழக்கம் (1 இரா. 18:39) இப்பெயரின் பொருளையே சொல்கிறது. ஒரு மனிதனின் பெயராயிருந்தது அன்று மக்கள் அனைவரின் அறிக்கையாயிற்று. மூலமொழி அறிவு இத்தகைய இடங்களில் உண்மையாகவே வாசிப்பை வளப்படுத்துகிறது.

ஆயின் அவ்வறிவின் எல்லையையும் நாம் உணர வேண்டும். பாகாலுக்குப் பலிபீடம் கட்டிய ஆகாபின் புதல்வர் அகசியா, யோராம் ஆகிய இருவர் பெயரிலும் யாவேயின் பெயர் உள்ளது. அரச குலத்தை அழிக்க முற்பட்ட அத்தாலியாளின் பெயரிலும் அது உள்ளது. மறுபுறம், தம் மக்களை அழிவினின்று காத்த மொர்தெகாய், எஸ்தர் ஆகியோரின் பெயர்கள் பாபிலோனியத் தெய்வங்களாகிய மர்தூக்கையும் இஷ்தாரையும் நினைவூட்டுகின்றன. பெயரை மட்டும் வைத்து ஒருவரின் பற்றுறுதியை அளந்தால், அத்தாலியாள் அடியவளாகவும் எஸ்தர் அயலாளாகவும் தோன்றுவர். இறைப்பெயர் தாங்கிய ஓர் ஆட்பெயர், அதை இட்டவர் அந்நாளில் கூறிய சொல். அதைத் தாங்கியவர் பிற்காலத்தில் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்கு அது சான்றாகாது.

2. கேட்டுப் பெற்ற பிள்ளை

சொற்பிறப்பும் கதை தரும் விளக்கமும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்கள் திருமறையில் உண்டு. மோசேயின் பெயரைக் காண்போம். தண்ணீரினின்று எடுத்ததால் அப்பெயரிட்டதாகப் பார்வோனின் மகள் கூறுகிறாள் (யாத். 2:10). 'மாஷா' என்னும் எபிரெய வினைக்கு 'இழுத்தெடு' என்பது பொருள். ஆனால் மோஷே என்னும் வடிவம் 'எடுக்கப்பட்டவன்' எனப் பொருள்படாது. 'எடுப்பவன்' என்றே பொருள்படும். மொழியறிஞர் இதனை எகிப்தியச் சொல்லாகவே கொள்வர்; துத்மோஸ், அக்மோஸ் முதலிய மன்னர் பெயர்களில் காணும் 'பிறந்தவன்' என்னும் பகுதியே இது. எகிப்திய இளவரசி எகிப்தியப் பெயரிட்டாள் என்பது இயல்பே. ஆனால் கதையாசிரியர் அப்பெயருக்குள் எபிரெய ஒலியைக் கேட்கிறார். நீரினின்று எடுக்கப்பட்ட குழந்தை ஒரு மக்களினத்தையே நீரினூடே எடுத்துச் செல்லப் போகிறது. ஆசிரியரின் விளக்கம் சொற்பிறப்பியற் பிழை என்று ஒதுக்குவோர் அவர் சொல்ல வந்ததை இழப்பர். அதுவே சொற்பிறப்பியல் என்று சாதிப்போர் மொழியை இழப்பர்.

சாமுவேலின் பெயர் இதனினும் ஆழ்ந்த ஆய்வுக்குரியது. அன்னாள் தன் மகனுக்குச் சாமுவேல் எனப் பெயரிட்டு, ஆண்டவரிடம் கேட்டுப் பெற்றதே காரணம் என்கிறாள் (1 சாமு. 1:20). கேட்டல் என்பதற்குரிய எபிரெய வேர் 'ஷாஅல்'. சாமுவேல் என்னும் பெயரோ ஷெமூஏல். பெயர் எனப் பொருள்படும் 'ஷேம்', இறைவன் எனப் பொருள்படும் 'ஏல்' ஆகியவற்றோடு தொடர்புடையது என்பர். கேட்டல் என்னும் வேரிலிருந்து நேரே பிறக்கும் பெயர் ஒன்றுண்டு. அது ஷாஊல், அதாவது சவுல். முதல் அதிகாரத்தின் 17 முதல் 28 வரையுள்ள வசனங்களில் இவ்வேர் ஏழு முறை பயில்கிறது. இறுதி வசனத்தில் பிள்ளை ஆண்டவருக்கென்று கொடுக்கப்பட்டவன் என்று கூறும் சொல், எழுத்துக்கு எழுத்து சவுலின் பெயராகவே அமைந்துள்ளது.

இதைக் கண்ட ஆய்வாளர் சிலர், இது முதலில் சவுலின் பிறப்புக் கதையாயிருந்து பின்னர் சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்றனர். இக்கருதுகோளை நாம் ஏற்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறோம். நூலை இன்றுள்ள வடிவில் தொடர்ந்து வாசித்தால் ஆசிரியரின் நோக்கம் விளங்கும். எட்டாம் அதிகாரத்தில் மக்கள் தங்களுக்கு ஓர் அரசனைக் கேட்கின்றனர். அங்கும் அதே வேர் (8:10). பன்னிரண்டாம் அதிகாரத்தில் சாமுவேல், நீங்கள் கேட்ட அரசன் இதோ என்று சவுலைச் சுட்டுகிறான் (12:13). அங்கும் அதே வேர். ஒரு பெண் கண்ணீரோடு கேட்டாள். கேட்டதைத் திருப்பி ஆண்டவருக்கே கொடுத்தாள். ஒரு மக்களினம் பிற இனத்தாரைப்போல் ஆக விரும்பிக் கேட்டது. கேட்டதைத் தனக்கென்றே வைத்துக்கொண்டது. உண்மையில் கேட்டுப் பெற்ற பிள்ளை யார் என்பதை ஆசிரியர் நம் தீர்ப்புக்கு விடுகிறார். சாமுவேலின் பெயருக்கு எதிரே அட்டவணை அச்சிடும் ஒரு வரியில் இவ்வளவும் அடங்காது.

3. யாக்கோபை எத்தன் என்றவர் யார்?

யாக்கோபுக்கு எத்தன் என்று பொருள் கூறுவோர் ஒரு கேள்வியை எழுப்புவதில்லை: அப்படிச் சொன்னவர் யார்? பிறப்பின்போது கூறப்படும் விளக்கம் வேறு. அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வெளிவந்ததால் அப்பெயர் வந்தது (ஆதி. 25:26), 'ஆக்கேவ்' என்பது குதிகால். ஏமாற்றுதல் என்னும் பொருள் வருவது 27:36இல். ஆசீர்வாதத்தை இழந்து கதறும் ஏசாவின் வாயிலிருந்து வருகிறது. அவன் சினம் நியாயமானதே. அவன் வஞ்சிக்கப்பட்டவன், வஞ்சித்தவனின் பெயரில் வஞ்சகத்தைக் கேட்கிறான். ஆனால் அது காயப்பட்டவனின் குரல் என்பதை மறந்து, அதுவே பெயரின் பொருள் என்று நாம் அறிவித்தால், ஏசாவின் சினத்தை அகராதியாக்கிவிடுகிறோம்.

மொழியறிஞர் கூறுவதோ மூன்றாவது செய்தி. யாக்கோபு என்பது 'யாக்கூப்ஏல்' போன்ற நீண்ட பெயரின் குறுக்கம் என்பர். 'இறைவன் காப்பாராக' என்பது அதன் கருத்தாயிருக்கலாம். இத்தகைய பெயர்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியைச் சார்ந்த மேற்காசிய ஆவணங்களில் காணப்படுகின்றன. எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் மன்னர் ஒருவரின் முத்திரைகளிலும் இதே முற்பகுதியுடைய பெயர் உள்ளது. குதிகால், வஞ்சகம், காவல் என மூன்று பொருள்கள் ஒரே பெயரைச் சூழ்ந்து நிற்கின்றன.

இனி, யாப்போக்கு ஆற்றங்கரையில் புதுப்பெயர் சூட்டப்படுகிறது. இனி யாக்கோபு அன்று, இஸ்ரவேல் என்கிறது அக்குரல் (ஆதி. 32:28). பழைய மனிதன் ஒழிந்தான், புதிய மனிதன் தோன்றினான் என்று இதனைப் பிரசங்கிப்பது எளிது. ஆனால் நூல் அவ்வாறு செல்லவில்லை. ஆபிராம் ஆபிரகாம் ஆனபின் அவ்வரலாறு அவனைப் பழைய பெயரால் அழைப்பதில்லை. யாக்கோபோ இஸ்ரவேல் ஆனபின்னும் யாக்கோபாகவே மீண்டும் மீண்டும் வருகிறான். 46:2இல் இறைவன் இஸ்ரவேலோடு பேசினார் என்று தொடங்குகிறார் ஆசிரியர். ஆனால் இறைவன் இருமுறை அழைப்பது யாக்கோபு என்னும் பெயரையே. புதுப்பெயரை அருளியவர் பழைய பெயரால் அழைக்கிறார். மேலும், இறைவன் தம்மை யாக்கோபின் தேவன் என்று சொல்லிக்கொள்ள ஒருநாளும் வெட்கப்படவில்லை. எத்தன் என்று நாம் பொருள் கூறிக் கைவிடும் பெயரை அவர் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். யாக்கோபைப் பற்றிய அருளுரை இவ்விடத்தில் தொடங்க வேண்டும்.

4. அடிமைப் பெண்ணின் மகன்

பழைய ஏற்பாட்டில் பெயரிடுவோருள் தாய்மார் மிகுதி. லேயாளும் ராகேலும் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களில் (ஆதி. 29, 30) ஒரு வீட்டின் துயரம் முழுவதும் பதிந்துள்ளது. ரூபன் என்பதன் மேலோட்டமான பொருள் 'இதோ, ஒரு மகன்'. லேயாள் அதில் தன் சிறுமையை ஆண்டவர் கண்டார் என்பதைக் கேட்கிறாள். வெறுக்கப்பட்ட மனைவி தன் வழக்கைப் பிள்ளைகளின் பெயர்களில் எழுதி வைக்கிறாள். நான்காம் மகனாகிய யூதாவின் பெயரில் மட்டும் கணவனைப் பற்றிய ஏக்கம் இல்லை, துதி உண்டு.

ஆகாரின் கதை இதனினும் நுட்பமானது. ஆதியாகமம் 16, 21 ஆகிய இரு அதிகாரங்களிலும் சாராள் ஆகாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை; அடிமைப் பெண் என்றே சொல்கிறாள். ஆபிரகாமும் பெயர் சொல்வதில்லை. அப்பெண்ணை முதன்முதல் பெயர் சொல்லி அழைப்பவர் வனாந்தரத்து நீரூற்றருகே அவளைக் கண்ட ஆண்டவரின் தூதரே (16:8). பிறக்கப்போகும் பிள்ளைக்கு இஸ்மவேல் என்று பெயரிடச் சொல்கிறார். 'இறைவன் கேட்கிறார்' என்பது பொருள். உடனே ஆகார் தன்னோடு பேசிய ஆண்டவருக்கே ஒரு பெயரிடுகிறாள்: காண்கிற தேவன். இவ்வாறு இறைவனுக்குப் பெயரிட்டவள் ஓர் அயல்நாட்டு அடிமைப் பெண் என்பதை விளக்கவுரையாளர் பலர் சுட்டியுள்ளனர்.

இருபத்தொன்றாம் அதிகாரத்தில் தாயும் மகனும் துரத்தப்படுகின்றனர். அவ்வதிகாரம் முழுவதும் இஸ்மவேலின் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. அடிமைப் பெண்ணின் மகன், பிள்ளை, சிறுவன் என்றே குறிப்பிடப்படுகிறான். துரத்துகிற வீட்டில் அவன் பெயரைச் சொல்ல எவருமில்லை. தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைச் செடியின்கீழ் விட்டுத் தாய் விலகி அமர்ந்தபோது, இறைவன் சிறுவனின் குரலைக் கேட்டார் என்று வருகிறது (21:17). அந்த 'கேட்டார்' என்னும் வினையே அவன் பெயர். மனிதர் சொல்ல மறுத்த பெயரை ஆசிரியர் இறைவனின் செயலாக எழுதிவிட்டார். மனிதரைப் பெயரின்றி, அவர் நிலையையோ பிறப்பையோ கொண்டு மட்டும் அழைக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் மறையாதிருக்க, இப்பகுதியை நாம் அட்டவணைப் பொருளோடு முடித்துவிடுவது தகுமா?

5. திருத்தப்பட்ட பெயர்கள்

பெயர்களுக்கு ஒரு வரலாறும் உண்டு. சவுலின் மகன் சாமுவேல் நூலில் இஸ்போசேத் எனப்படுகிறான் (2 சாமு. 2:8), நாளாகமத்தில் எஸ்பால் (1 நாளா. 8:33). யோனத்தானின் மகன் அங்கே மேவிபோசேத். இங்கே வேறு வடிவில், பாகால் என்னும் இறுதியோடு வருகிறான். 'போசேத்' என்பதற்கு வெட்கம் என்று பொருள். பாகால் என்னும் சொல்லை வாசிக்க விரும்பாத பிற்காலத்தார் அதன் இடத்தில் வெட்கம் என்னும் சொல்லை வைத்தனர் என்பது பெரும்பான்மையோர் கருத்து; அதனை மறுத்து வேறு விளக்கம் தருவோரும் உளர். காலத்தால் பிந்திய நாளாகமம் பழைய வடிவத்தைக் காத்து வைத்திருப்பது கருதத்தக்கது.

பாகால் என்பது தலைவன் எனப் பொருள்படும் பொதுச்சொல், ஒரு காலத்தில் யாவேயையே அச்சொல்லால் அழைத்திருக்கக்கூடும் என்பதற்கு ஓசியாவின் கண்டனமே (ஓசி. 2:16) சான்று. சமாரியாவில் 1910இல் கண்டெடுக்கப்பட்ட மட்பாண்ட எழுத்துகளில், யாவே சார்ந்த பெயர்களும் பாகால் சார்ந்த பெயர்களும் அருகருகே உள்ளன. யூதேயாவின் கிர்பெத் கெயாபாவில் கிடைத்து 2015இல் வெளியிடப்பட்ட ஒரு சாடியின் எழுத்தில் எஸ்பால் என்னும் பெயரே காணப்படுகிறது. அது சவுலின் மகனைக் குறிப்பதன்று எனினும், அப்பெயர் அக்காலத்து வழக்கில் இருந்ததை உறுதிப்படுத்துகிறது. ஆக, ஒரு தலைமுறையின் பக்தி மற்றொரு தலைமுறைக்கு வெட்கமாயிற்று. மேவிபோசேத்துக்கு 'வெட்கம்' என்று பொருள் கூறி, அதை அவன் கால் ஊனத்தோடு பொருத்தி அருளுரை செய்வோர், பிற்காலத்தாரின் சமயத் திருத்தத்தை அம்மனிதன்மேல் சுமத்துகின்றனர்.

6. பெயர் விதியன்று

பெயர் மனிதரின் விதியைக் கட்டிவிடும் என்னும் எண்ணத்தைத் திருமறையே பலமுறை முறியடிக்கிறது. ராகேல் உயிர் பிரியும் வேளையில் தன் மகனுக்குப் பெனொனி எனப் பெயரிட்டாள்; 'என் துக்கத்தின் மகன்' என்பது அதன் பொருள். தகப்பன் அவனைப் பென்யமீன் என்றான் (ஆதி. 35:18); 'வலக்கையின் மகன்' என்பது அதன் பொருள். தாயின் துயரம் மறைக்கப்படவில்லை. அவள் இட்ட பெயரும் எழுதி வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் தாயின் மரணத்தைப் பெயராகச் சுமந்து பிள்ளை வாழ வேண்டியதில்லை.

யாபேஸின் தாய் நோவோடு பெற்றதால் அப்பெயரிட்டாள் (1 நாளா. 4:9, 10). நோவு என்பதற்குரிய எபிரெயச் சொல்லின் எழுத்துகள் அப்பெயரில் முறைமாறி நிற்கின்றன. நோவு அப்பெயரில் நேராக எழுதப்படவுமில்லை. அவனோ அந்த நோவு தன்னை அணுகாதிருக்க இறைவனிடம் மன்றாடுகிறான், இறைவன் அருள்கிறார். தன் பெயருக்கு எதிராகவே ஒருவன் செபிக்கலாம், அச்செபமும் கேட்கப்படும் என்பது இவ்விரு வசனங்களின் செய்தி.

நகோமி தன்னை இனி மாரா என்று அழைக்கச் சொல்கிறாள் (ரூத் 1:20). கணவனையும் இரு மகன்களையும் இழந்தவளின் உரிமை அது. அவள் சொல்லை யாரும் கண்டிக்கவில்லை. ஆனால் ஆசிரியர் ஓரிடத்திலும் அவளை மாரா என்று எழுதவில்லை. நகோமி என்றே எழுதிச் செல்கிறார், அவள் மடியில் பேரப்பிள்ளை வந்து சேரும்வரை. துன்புறுவோர் தமக்கு இட்டுக்கொள்ளும் கசப்பான பெயரை மறுத்துரைக்காமலும், அதனை ஏற்று அவரை அப்பெயரால் அழைக்காமலும் உடன்நடக்கும் மேய்ப்புப் பணியை இங்கே கற்கிறோம்.

ஓசியாவின் பிள்ளைகளுக்குக் கடவுளின் கட்டளைப்படியே லோருகாமா, லோகம்மீ என்னும் பெயர்கள் இடப்பட்டன: இரக்கம் பெறாதவள், என் மக்கள் அல்லர். 'லோ' என்பது எதிர்மறை. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அந்த எதிர்மறை நீங்கி, அம்மீ, ருகாமா என்று மக்கள் அழைக்கப்படுகின்றனர். கடவுள் தாமே இட்ட தண்டனைப் பெயர்கூட இறுதிப் பெயராகவில்லை.

7. சிதேக்கியாவின் பெயர்

நல்ல பெயரும் ஒருவரைக் காக்காது என்பதற்கு யூதாவின் கடைசி அரசனே சான்று. கி.மு. 597இல் பாபிலோனிய வேந்தன் மத்தனியாவை அரியணையில் அமர்த்தி, சிதேக்கியா என்று மறுபெயரிட்டான் (2 இரா. 24:17). அதன் பொருள் 'யாவே என் நீதி' அல்லது யாவேயின் நீதி. படையெடுத்து வந்த அந்நியன் இறைப்பெயரோடு கூடிய பெயரையே சூட்டியது வியப்பன்று. அடங்கிய அரசன் தன் சொந்தத் தெய்வத்தின் பெயரால் ஆணைக்குக் கட்டுண்டவன் என்பதை அது நினைவூட்டியிருக்கும்.

அவன் ஆட்சியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எரேமியா 34ஆம் அதிகாரம் கூறுகிறது. எருசலேம் முற்றுகையிடப்பட்டபோது, எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாக அரசனும் மக்களும் உடன்படிக்கை செய்து, அவ்வாறே விட்டனர். பகைவரின் படை சற்று விலகியதும், விட்டவர்களை மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். யாவேயின் நீதி என்னும் பெயர் தாங்கியவன் அரியணையில் இருக்க, இவ்வநீதி நடந்தது. எரேமியா நூல் வேறோரிடத்தில் (23:5, 6) வரவிருக்கும் அரசனைப் பற்றிப் பேசும்போது, அவருக்கு வழங்கும் பெயர் 'யாவே நமது நீதி' என்கிறது. அதே இரு கூறுகள், வரிசை மட்டும் மாறியுள்ளது. சிதேக்கியாவின் பெயரை அறிந்தோர் காதில் இது ஒரு கண்டனமாக ஒலித்திருக்கும். அவ்வரசர் நாட்டில் நியாயத்தையும் நீதியையும் நடப்பிப்பார் என்று சொன்ன பின்னரே தீர்க்கர் அப்பெயரைச் சொல்கிறார். நீதி செய்யப்பட்டாலன்றி நீதி என்னும் பெயர் வெற்றொலியே. அடிமைகள் மீண்டும் கட்டப்பட்ட நகரம் கி.மு. 587/586இல் வீழ்ந்தது.

8. முடிவாக

யோசுவா, இயேசு என்னும் இரு பெயர்களும் ஒன்றே என்பதைத் தமிழ் வாசகருட் பலர் அறியார். யெஹோஷுவா என்பதன் பிற்கால வடிவம் யேஷுவா. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே பெயராயின. அதனால்தான் எபிரெயர் 4:8இல் யோசுவா என்று நாம் வாசிக்குமிடத்தில் கிரேக்க மூலம் இயேசுவின் பெயரையே கொண்டுள்ளது. மத்தேயு 1:21 இப்பெயரை மீட்பு என்னும் செயலால் விளக்குகிறது. எபிரெயம் அறிந்தோர்க்கு மட்டுமே அங்குள்ள சொல்லொலி விளங்கும். ஆயினும் அக்காலத்தில் இப்பெயர் தாங்கியோர் பலர். பவுலின் உடன் ஊழியருள் ஒருவருக்கும் அப்பெயர் உண்டு (கொலோ. 4:11), பாப்போ பட்டணத்துக் கள்ளத் தீர்க்கதரிசியின் பெயரிலும் அது உண்டு (அப். 13:6). பெயரின் பொருள் அவர்களை மீட்பராக்கவில்லை. நாசரேத்தூரார் ஒருவரிடத்தில் மட்டும், அவர் வாழ்வும் சிலுவையும் உயிர்த்தெழுதலும் அப்பெயரின் வினையை நிறைவேற்றின. மத்தேயு பெயருக்குப் பொருள் கூறித் தொடங்கி, அதன் மெய்ம்மையை இருபத்தெட்டு அதிகாரங்களில் காட்டுகிறார்.

எனவே அருளுரை ஆயத்தம் செய்வோர் ஒரு பெயரைச் சந்திக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புவது நன்று. இப்பெயரை இட்டவர் அல்லது விளக்கியவர் யார்? எந்நிலையில் நின்று அதைச் சொன்னார்? அதன்பின் நூல் அம்மனிதரை எவ்வாறு நடத்துகிறது? அட்டவணை இவற்றுள் எதற்கும் விடை தராது. அதிகாரம் முழுவதையும் வாசித்தால் விடை கிட்டும். பிள்ளையின் பெயரைக் குறித்து அஞ்சி வரும் பெற்றோர்க்கும் இதையே சொல்லலாம். ஏசாயா 43ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பயப்பட வேண்டாம், உன்னைப் பெயர் சொல்லி அழைத்தேன் என்னும் கருத்துப்பட ஆண்டவர் பேசுகிறார். அவ்வசனம் யாக்கோபு, இஸ்ரவேல் ஆகிய இரு பெயர்களையும் ஒருசேரக் கூறியே தொடங்குகிறது.